கறுப்பதற்கு முன் கொஞ்சம் வானவில்

வெள்ளி கறுத்துப்போனால் நம் வீடுகளில் விபூதியைத் தேடுவார்கள். அமெரிக்காவில் ஏலக்காரரைத் தேடுகிறார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓரத்தில் மயில்கழுத்து நீலம், அதற்கு உள்ளே கத்திரிப்பூ, அப்புறம் தேன் நிறம், நடுவில் மட்டும் பழைய வெள்ளை... இப்படி வளையம் வளையமாக நிறமேறிய ஓர் அரை டாலர் நினைவு நாணயம், அதே வருஷத்தில் அதே அச்சில் பிறந்த பளிச் சகோதரனைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. இந்த நிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டோனிங். அதற்கென்றே ஒரு ரசிகர் கூட்டம், ஒரு தனிச் சந்தை, ஒரு தனி பாஷை.

அழகா என்றால், அழகுதான். நல்ல டோனிங் உள்ள காசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. தகராறு எல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒட்டி விற்கிற ஒரே ஒரு வார்த்தையோடுதான். முதலீடு!

"சார், இது வெறும் காசு இல்லை, இன்வெஸ்ட்மென்ட்" என்கிற வசனம் இப்போது நம் ஊர் நாணயக் கண்காட்சிகளிலும் கேட்கிறது. ஆன்லைன் விளம்பரங்களில் 'ரெயின்போ டோன்' என்று கொட்டை எழுத்தில் வருகிறது. 2025-ல் வெள்ளி விலை எகிறியதும் சத்தம் இன்னும் கூடிவிட்டது. எனவே, இந்த வானவில்லைக் கொஞ்சம் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

முதலில், அந்த நிறம் என்ன? ஏதோ பொக்கிஷப் பொருள் காசின் மேல் வந்து படிந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற படலம் உண்டாகிறது. கூவம் நாறுகிறதே, அந்த அழுகிய முட்டை வாசனைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் இதிலும் முக்கியக் கதாநாயகன். படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்கும்போது, அதன் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அடியில் வெள்ளியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் ஒன்றோடொன்று மோதி நிறம் காட்டுகின்றன. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சொட்டினால் தெரிகிறதே, சோப்புக் குமிழியில் தெரிகிறதே, அதே சங்கதி. முதலில் தேன் மஞ்சள், அப்புறம் கருஞ்சிவப்பும் ஊதாவும், அப்புறம் நீலம். படலம் தடித்துக்கொண்டே போனால் கடைசியில் கறுப்பு.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பூஜை அறைக் குத்துவிளக்கின் கறுப்பும், அமெரிக்க ஏலத்தில் கைதட்டல் வாங்கும் நீலமும் ஒரே ரயிலின் வெவ்வேறு ஸ்டேஷன்கள். நீங்கள் நடு ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை விலைக்கு வாங்குகிறீர்கள். ரயில் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, அந்தக் காசுகள் எங்கிருந்து வந்தன? கதை 1892-ல் தொடங்குகிறது. சிகாகோவில் கொலம்பஸ் கண்காட்சிக்குப் பணம் திரட்ட, அமெரிக்க அரசு முதல் முறையாக ஒரு நினைவு நாணயம் அடித்தது. 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு, எடை 12.5 கிராம். முகமதிப்பு அரை டாலர், விற்ற விலை ஒரு டாலர். முதல் காசை ரெமிங்டன் டைப்ரைட்டர் தயாரித்த கம்பெனி 10,000 டாலர் கொடுத்து வாங்கியது, விளம்பரத்துக்காகத்தான். மீதி என்ன ஆச்சு? இரண்டு வருஷத்தில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியதில் ஏராளமானவை விற்காமல் கிடந்து, கடைசியில் சாதாரண அரை டாலராகச் சில்லறைப் புழக்கத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஒரு டாலர் கொடுத்து வாங்கியவர் கையில் அரை டாலர்! ஆரம்பமே அமோகம்.

அன்று தொடங்கி 1954 வரை இந்த வரிசையில் வெள்ளியில் மட்டும் 50 வகை வந்தன. வருஷம், தயாரித்த நாணயசாலை எல்லாம் தனித்தனியாக எண்ணினால் 144. சேகரிப்பவர்களுக்கு இது வேதம்.

வேதத்தில் வியாபாரம் புகுந்தது 1930-களில். சின்சினாட்டி என்ற ஊர் 'இசை மையம் ஆகி 50 ஆண்டு' என்று சொல்லி 1936-ல் ஒரு நினைவு நாணயம் வந்தது. அப்படியானால் 1886-ல் அந்த ஊரில் என்னதான் நடந்தது? நாணய வரலாறு எழுதியவர்கள் தேடிப் பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். காசில் உள்ள முகம் ஸ்டீபன் ஃபாஸ்டர் என்ற பாட்டு எழுதுபவருடையது. அவர் 1864-லேயே காலமாகிவிட்டார்! தாமஸ் மெலிஷ் என்ற நாணயப் பிரமுகர் முன்னின்று நடத்திய வேலை இது. மூன்று நாணயசாலைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 காசு. மூன்றும் சேர்ந்த செட் 7 டாலர் 75 சென்ட். முகமதிப்பு ஒன்றரை டாலர். குறைவாக அடித்தார்களா, கிராக்கி பறந்தது. பின்னாலேயே மற்ற ஊர்களும் ஆண்டுவிழா தேடிக் கிளம்பின. அப்புறம் வழக்கமான கதை. காற்று இறங்கியது, விலை சரிந்தது, நொந்துபோன அமெரிக்கக் காங்கிரஸ் 1939-ல் பழைய நினைவு நாணயங்களை வருஷா வருஷம் அடிக்கும் வழக்கத்துக்கே தடை போட்டது.

இது முதல் குமிழி. இரண்டாவது குமிழி 1980-களின் கடைசியில். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்று 1986, 87-ல் அடுத்தடுத்து இரண்டு தரநிர்ணயக் கம்பெனிகள் வந்தன. காசைப் பார்த்து, 70-க்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சீல் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல வேலைதான். போலிகள் குறைந்தன. ஆனால் மார்க் ஷீட் வந்ததும் பங்குச் சந்தைக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. காசைப் பார்க்காமலேயே 'எம்.எஸ். 65-ல் நூறு கொடு' என்று ஷேர் மாதிரி வாங்கலாமே! 1989-ல் விலை உச்சிக்குப் போனது. அப்புறம் தலைகுப்புற விழுந்தது. விழுந்தவற்றில் பலத்த அடி வாங்கியவை இதே நினைவு அரை டாலர்கள்தான். அன்று உச்சியில் வாங்கியவர்களில் பலர் இன்றுவரை அசலைப் பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை 'குறைவாக அடித்தார்கள்' என்பதை விற்றார்கள். இரண்டாவது முறை மார்க்கை விற்றார்கள். மூன்றாவது முறை விற்பது நிறம். காசு அதே காசு!

இந்த நிறம் வந்த விதமும் வேடிக்கையானது. 1930-களில் இந்த அரை டாலர்களை அட்டையில் வட்ட ஓட்டை வெட்டி, விழாமல் இருக்கக் குறுக்கே ஒரு பட்டை வைத்துத் தபாலில் அனுப்பினார்கள். அந்த மலிவு அட்டையில் கந்தகம் இருந்தது. வாங்கியவர் அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோனார். ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், பட்டை மறைத்த இடம் ஒரு நிறம், மறைக்காத இடம் வானவில்! இன்று அந்தப் பட்டைத் தடத்துக்குத் தனி விலை. ஆக, மலிவான அட்டையும் மனிதரின் மறதியும் சேர்ந்து செய்த விபத்து. விபத்து அழகாக இருக்கலாம். ஆனால் விபத்தை ஓர் ஆள் அடுப்பங்கரையில் வரவழைக்க முடியும் என்றால்?

முடியும். கந்தகம், சூடு, ஈரம் மூன்றும் இருந்தால் போதும். ஐம்பது வருஷ வேலையை ஒரு மத்தியானத்தில் முடிக்கிற 'காசு டாக்டர்கள்' அமெரிக்காவில் பல காலமாக உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கும் நிபுணர்களும் உண்டு. ஆனால் இரண்டு தரப்பு உண்டாக்குவதும், பார்ப்பதும் அதே வெள்ளி சல்ஃபைடுதான். அதனால்தான் தரநிர்ணயத் தொழிலில் நேர்மையான ஒரு சொற்றொடர் புழங்குகிறது. 'இயற்கையான நிறம்' என்று சத்தியம் செய்ய மாட்டார்கள். 'மார்க்கெட் ஏற்றுக்கொள்ளும் நிறம்' என்பார்கள். ஒருமுறை சந்தேகம் என்று திருப்பி அனுப்பிய காசு, மறுமுறை அனுப்பும்போது பாஸ் ஆவதும் அங்கே தெரிந்த கதைதான். அதாவது பிளாஸ்டிக் பெட்டி சொல்வது ஓர் அபிப்பிராயம். மதிக்க வேண்டிய அபிப்பிராயம். ஆனால் அது பத்திரப்பதிவு ஆபீஸ் முத்திரை இல்லை. அந்தப் பெட்டி காற்றே புகாததும் இல்லை.

இனி கணக்கு. நிறமேறிய எந்த வெள்ளிக் காசின் விலையும் மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளம், உள்ளே இருக்கும் வெள்ளி. இதை எந்த நகைக்கடையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் மாடி, நிறமே இல்லாவிட்டாலும் அந்த வருஷத்து, அந்தத் தரத்துக் காசுக்குச் சேகரிப்பவர்கள் தரும் விலை. இதற்கும் பட்டியல் உண்டு. அமெரிக்க வியாபாரிகள் 1963-லிருந்து 'க்ரே ஷீட்' என்ற மொத்த விலைப் பட்டியலை வைத்துப் பிழைக்கிறார்கள். மொட்டை மாடிதான் நிறம். அதற்குப் பட்டியல் கிடையாது. நீலத்துக்கு இவ்வளவு, ஊதாவுக்கு இவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. இரண்டு பேருக்குப் பிடித்தால் விலை. அவ்வளவுதான்.

இங்கேதான் வியாபாரிகள் சொல்லாமல் விடும் ஒரு சூட்சுமம். ஏலத்தில் விலையை நிர்ணயிப்பது ஜெயித்தவர் இல்லை, தோற்றவர். நீங்கள் ஆயிரம் டாலருக்கு எடுத்தீர்கள் என்றால், எதிரே இன்னொருவர் கிட்டத்தட்ட அதுவரை விடாமல் வந்தார் என்று அர்த்தம். நாளைக்கு நீங்கள் விற்கப் போகிறீர்கள். அந்தக் காசின் மேல் உலகத்திலேயே அதிக ஆசை வைத்திருந்த ஆள் யார்? நீங்கள்தான். அந்த ஆள் இப்போது ஏலம் கேட்கும் பக்கத்தில் இல்லை, விற்கும் பக்கத்தில் நிற்கிறார். மிச்சம் இருப்பது தோற்றவர் ஒருவர். அவருக்கு இதற்குள் வேறு காசு கிடைத்திருந்தாலோ, மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாலோ, மொட்டை மாடி இடிந்து முதல் மாடிக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கி விற்கும் பொருளில் ஒருவர் போனால் ஒன்றும் ஆகாது. இரண்டே பேர் இருக்கும் சந்தையில் ஒருவர் போனால் சந்தையே போச்சு.

கமிஷன் வேறு இருக்கிறது. பெரிய அமெரிக்க ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் 20 சதவீதம் அல்லது அதற்கு மேலும் வாங்குகின்றன. 1,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்தால் உங்கள் பையிலிருந்து போவது 1,200. விற்கும்போது உங்களிடம் கமிஷனே பிடிக்காத தர்மவான் கிடைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் போட்ட பணம் கைக்கு வர, சுத்தியல் 1,200-ல் விழ வேண்டும். அடுத்து வாங்குபவர் 1,440 எடுத்து வைக்க வேண்டும். ஒரு பைசா லாபமில்லாமல் இருப்பதற்கே இந்தப் பாடு.

கணக்குப் பாடத்தின் பாலபாடம் ஒன்று உண்டு. வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கி வை. இந்த விதிப்படி நிறத்துக்குக் கொடுத்த பணத்தை எங்கே எழுதுவது? சொத்துப் பக்கத்தில் அல்ல. செலவில்.

"ஏன் சார், ஓவியத்துக்கும் இதே கதைதானே? ரவிவர்மா படத்துக்கு என்ன பட்டியல் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. என் பதிலும் அதிலேயே இருக்கிறது. ஓவியம் வாங்குகிற மாதிரி வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். சுவரில் மாட்டிப் பார்க்க வாங்குங்கள். பெண் கல்யாணத்துக்கு என்று யாராவது பி.எஃப். பணத்தை எடுத்து ஓவியம் வாங்குகிறார்களா? அப்படி வாங்கச் சொல்லி யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே விடுவீர்களா? காசு மட்டும் எப்படி விதிவிலக்கு? அது காசு மாதிரி இருக்கிறது, அதனால் சேமிப்பு மாதிரி தோன்றுகிறது. அந்தத் தோற்றம்தான் விற்பனைக்காரரின் மூலதனம்.

நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு அடித்த 10 ரூபாய் வெள்ளிக் காசு பல வீடுகளில் இருக்கிறது. அதில் 1869-1948 என்று போட்டிருப்பதால் '1948-ம் வருஷத்துக் காசு' என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது காந்தியின் ஆயுள், காசின் வயசு இல்லை! எடை 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம். 1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த 10 ரூபாய் கையில் கனமாக இருக்கும், 22.5 கிராம். ஆனால் வெள்ளி பாதிதான். 11.25 கிராம். பெரிய காசு, குறைந்த வெள்ளி. இன்றைய கிராம் விலையால் பெருக்கினால் தரைத்தளம் தெரிந்துவிடும். இரண்டும் அபூர்வமானவை அல்ல என்பதால் முதல் மாடியும் ரொம்ப உயரமில்லை. இதில் ஓரத்தில் நீலம் படர்ந்திருக்கிறது என்பதற்காக ஒருவர் ஐந்து மடங்கு கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதே காசை அடுத்த வாரம் நான் கொண்டுவந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" பதிலை வாயால் சொன்னால் போதாது, பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் முகத்தில் ஏறும் நிறத்தைப் பாருங்கள். அது நிஜமான டோனிங்.

இந்த லட்சணத்தில், பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரைப் போட்டு முன்பணம் கறக்கும் கூட்டம் வேறு. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு எச்சரித்தது. அப்படி யாரையும் நியமிக்கவில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று. அதற்கப்புறமும் அதே ஏமாற்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, பீரோவைத் திறந்து தாத்தா காலத்துக் காசை எடுத்து விபூதியும் பல்பொடியும் போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள்! அது இன்னொரு முட்டாள்தனம். தேய்த்தால் நிறம் மட்டும் போகாது. அச்சடித்தபோது உலோகம் பாய்ந்த நுண்ணிய கோடுகள்தான் காசுக்கு அந்த உயிருள்ள மினுமினுப்பைத் தருகின்றன. அதுவும் சேர்ந்து போய்விடும். ரசாயனத்தில் முக்கி எடுப்பதும் பலமுறை செய்தால் அதே கதிதான். மொட்டை மாடியை வேண்டாம் என்று சொன்னேனே தவிர, முதல் மாடியையும் சேர்த்து இடிக்கச் சொல்லவில்லை. மெத்தென்ற பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டு, நியூஸ் பேப்பர் இரண்டும் வேண்டாம், கந்தகம் அங்கேதான் குடியிருக்கிறது. ஈரம் இல்லாத இடத்தில், ஓரத்தைப் பிடித்து எடுத்து வைத்துப் பழகுங்கள்.

நிறத்துக்காகவே வாங்க ஆசையா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் கண்ணை நம்புங்கள், பேச்சை நம்பாதீர்கள். காசை விளக்கொளியில் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். நல்ல டோனிங்கில் நிறத்துக்கு அடியிலிருந்து மினுமினுப்பு சக்கரம் மாதிரி சுழன்று வரும். நிறம் மட்டும் சாயம் பூசியதுபோல் செத்துக் கிடந்தால் வேண்டாம். மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து போகின்றனவா, இல்லை திட்டுத் திட்டாக ஹோலிப் பண்டிகை கொண்டாடுகின்றனவா என்று பாருங்கள். கீறல் இருக்கும் இடத்தில் உற்றுப் பாருங்கள். கீறலுக்கு உள்ளேயும் வெளியே உள்ள அதே பளபளப்பு நிறம் என்றால், கீறல் விழுந்த பிறகுதான் நிறம் வந்திருக்கிறது. தேய்த்துக் கெட்டுப்போன காசை மறைக்கவும் நிறம் ஏற்றுவார்கள். இதில் எதுவும் நூறு சதவீத நிச்சயமில்லை. நிபுணர்களே சறுக்கும் இடம் இது. ஆகவே படத்தைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். எந்த நீலத்தையும் கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் நீலமாக்கலாம்.

கடைசியாக, வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள். வெள்ளிக்கு எவ்வளவு, காசுக்கு எவ்வளவு, நிறத்துக்கு எவ்வளவு. மூன்றாவது வரியில் இருக்கும் தொகையை, குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வந்த செலவு மாதிரி, திரும்பி வராது என்று தெரிந்தே சந்தோஷமாக விட முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். வாரம் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கொடுத்த பணத்துக்குக் கிடைத்த பலன் அதுதான், அது குறைந்ததும் இல்லை. மூன்றாவது வரியைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது என்றால் அந்தக் காசு உங்களுக்கானது இல்லை. பக்கத்திலேயே நிறமில்லாத காசு இருக்கும். அதே வருஷம், அதே அச்சு, அதே வெள்ளி. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.